பந்தியாக வரும் கணக்கைப் பழக ஒரு மாலை வகுப்பு: இங்கிலாந்தின் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் கணிதம்

இங்கிலாந்தில் பாடசாலை உதவியாளர் வேலைக்கோ தாதியர் படிப்புக்கோ விண்ணப்பித்த தமிழர்கள் பலரும் ‘லெவல் 2 கணிதம் இருக்கிறதா’ என்ற கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். இங்கே 16 வயதளவில் எழுதும் பாடசாலைப் பரீட்சையான ஜிசிஎஸ்இயின் கணிதத்தில் 4 ஆம் தரம் இல்லாதவர்களிடமிருந்து அதற்கு ஈடாகப் பல இடங்களில் ஏற்றுக்கொள்ளப்படுவது ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் (நடைமுறைத் திறன்கள்) கணிதம் லெவல் 2 என்னும் தகுதி. அந்தத் தரத்தை எட்டாத, 19 வயதுக்கு மேற்பட்டவர்கள் வதிவிட நிபந்தனைகளுக்கு உட்பட்டு இதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். கிழக்கு லண்டனில் வளர்ந்தோருக்கான கல்லூரி ஒன்றில் மாலை நேரத்தில் முதலில் லெவல் 1ஐயும் பின்னர் லெவல் 2ஐயும் படித்து முடித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் தெரிந்திருந்தும், நான்கு வரிப் பந்தியாக எழுதப்பட்ட கணக்கைக் கண்டதும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு, இதைவிடப் பயனுள்ள இலவச வகுப்பை நான் கண்டதில்லை. ஆனால் வகுப்பு நேரத்தை மட்டும் நம்பிப் பரீட்சைக்குப் போக முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

என்ட்ரி 1, 2, 3 என மூன்று தொடக்க நிலைகளும் அவற்றுக்கு மேல் லெவல் 1, லெவல் 2 என இரண்டும் உள்ளன. சேரும்போது கல்லூரியே ஒரு சிறு சோதனை வைத்து எந்த நிலையில் அமர்த்துவது என்று முடிவு செய்கிறது. 2019 இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டபின், பரீட்சையின் கால் பங்கைக் கால்குலேட்டர் இல்லாமல் எழுத வேண்டும். அதைவிட முக்கியமான விடயம், லெவல் 1, லெவல் 2 பரீட்சைகளின் மொத்தப் புள்ளிகளில் 75 வீதம் பிரச்சினை தீர்த்தலுக்கு, அதாவது அன்றாட நிலைமை ஒன்றை விவரித்துக் கேட்கப்படும் கணக்குகளுக்கு, ஒதுக்கப்பட்டிருப்பதுதான். ‘348ஐ 12ஆல் வகுக்க’ என்பது போன்ற நேரடிக் கேள்விகள் மீதிக் கால் பங்கில் அடங்கிவிடுகின்றன. பெறுபேற்றில் தரவரிசை கிடையாது. சித்தி அல்லது சித்தியின்மை, அவ்வளவுதான்.

இந்த 75 வீதம் எப்படிப்பட்டது என்பதற்கு, எங்கள் வகுப்பில் நெடுநேரம் எடுத்துக்கொண்ட ஒரு கணக்கையே காட்டுகிறேன். ஓர் அறை 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் உயரமும் கொண்டது. கதவும் யன்னலும் சேர்ந்து 6 சதுர மீற்றர். நான்கு சுவர்களுக்கும் இரண்டு தடவை பெயின்ட் பூச வேண்டும். ஒரு டின் பெயின்ட் 30 சதுர மீற்றருக்குப் போதும். விலை 24 பவுண். மொத்தச் செலவு என்ன? சுற்றளவு 18 மீற்றர், அதை உயரத்தால் பெருக்கினால் 45, கதவு யன்னலைக் கழித்தால் 39, இரண்டு தடவை என்பதால் 78, அதை 30ஆல் வகுத்தால் 2.6. கடையில் 2.6 டின் விற்பதில்லை என்பதால் 3 டின், ஆகவே 72 பவுண். இதிலுள்ள ஒவ்வொரு செய்கையும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்ததே. ஆனால் இத்தனை செய்கைகளையும் எந்த வரிசையில் செய்வது என்று கேள்வி சொல்வதில்லை. கூரையையும் தரையையும் சேர்க்கக் கூடாது என்பது ‘நான்கு சுவர்கள்’ என்ற சொற்களுக்குள்ளும், விடையை இரட்டிப்பாக்கும் செய்தி ‘இரண்டு தடவை’ என்ற சொற்களுக்குள்ளும் ஒளிந்திருக்கின்றன. வகுப்பில் பாதிப் பேர் 2 டின் என்று விடை எழுதினார்கள். பெருக்கலில் யாரும் பிழை விடவில்லை. ‘இரண்டு தடவை’ என்ற சொற்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

எங்கள் ஆசிரியை இதற்குக் கையாண்ட முறைதான் இந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பயன். கேள்வியை முதலில் எண்களே இல்லாமல் பலகையில் எழுதுவார். ‘ஓர் அறையின் சுவர்களுக்கு ஒருவர் பெயின்ட் பூசப் போகிறார், அவருக்கு எத்தனை டின் தேவை என்று அறிய வேண்டும்’ என்று மட்டும் இருக்கும். இப்போது உங்களுக்கு என்னென்ன தெரிய வேண்டும் என்று எங்களிடமே கேட்பார். சுவரின் அளவு, ஒரு டின் எவ்வளவு தூரம் போகும், எத்தனை தடவை பூசுவது, யன்னல் எவ்வளவு பெரியது என்று நாங்கள் சொல்லச் சொல்ல, எண்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். எண்களைக் கண்டவுடன் அவற்றைப் பிடித்துக் கூட்டவோ பெருக்கவோ ஓடும் பழக்கம் ஒரு சில வாரங்களிலேயே பலரிடம் அடங்கிவிட்டதை அருகிலிருந்து பார்த்தேன். இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம்வரை மடக்கை அட்டவணையை வைத்துக் கணக்குச் செய்து பழகியவர்களுக்குக் கால்குலேட்டர் இல்லாத பகுதி பெரிய பாரமாக இருக்காது. வாய்பாடு நாக்கின் நுனியில் நிற்கும் நம்மவர்கள் அந்தப் பகுதியில் மற்றவர்களை முந்திக்கொண்டு முடிப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிலைமையைப் படமாக மனதில் விரித்துப் பார்ப்பதுதான் நமக்குக் கடினம். அதற்குப் பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சியை இந்த வகுப்பு தருகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு தாளையும் அதே கல்லூரி எங்களுக்குக் கொடுத்தது. ‘மொத்தம்’, ‘கூட’ என்றால் கூட்டு, ‘குறைவு’ என்றால் கழி, ‘ஒவ்வொன்றுக்கும்’ என்றால் பெருக்கு என்று சொற்களையும் செய்கைகளையும் இரண்டு நிரல்களாக அச்சிட்ட தாள் அது. ஆசிரியை விடுமுறையில் இருந்த நாளில் வந்தவர் அதை மனப்பாடம் செய்யச் சொன்னார். இந்தத் தாளை யாரும் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘இந்த மாத மின்கட்டணம் 92 பவுண், இது சென்ற மாதத்தைவிட 15 பவுண் கூட. சென்ற மாதக் கட்டணம் எவ்வளவு?’ என்ற கேள்வியில் ‘கூட’ என்ற சொல் இருக்கிறது, ஆனால் செய்ய வேண்டியது கழித்தல், விடை 77. தாளை நம்புகிறவர் 107 என்று எழுதுவார், எழுதியபின் தன் கூட்டலைச் சரிபார்த்து அது சரிதான் என்று திருப்தியும் அடைவார். சொல்லைப் பார்த்துச் செய்கையைத் தெரிவு செய்யும் குறுக்கு வழி, வாசித்து விளங்கிக்கொள்ளும் வேலையைத் தவிர்ப்பதற்கான வழி. அந்த வேலையைக் கற்கத்தான் நாம் அங்கே போகிறோம்.

நேரக் கணக்கு தனியே ஒரு பந்திக்கு உரியது, ஏனென்றால் கால்குலேட்டர் மனிதரை ஏமாற்றும் இடம் அது. 14:47 இற்குப் புறப்பட்டு 16:12 இற்குச் சேரும் ரயிலின் பயண நேரத்தை அறிய, 16.12இலிருந்து 14.47ஐக் கழிக்கச் சொன்னால் கருவி 1.65 என்று காட்டும். அதை 1 மணி 65 நிமிடம் என்று வாசிப்பவர்களும் உண்டு, 2 மணி 5 நிமிடம் என்று ‘திருத்தி’ எழுதுபவர்களும் உண்டு. சரியான வழி, படிப்படியாக முன்னோக்கி எண்ணுவது: 15:00 ஆக 13 நிமிடம், அங்கிருந்து 16:00 ஆக ஒரு மணி, பிறகு 12 நிமிடம், ஆக 1 மணி 25 நிமிடம். எங்கள் ஆசிரியை இதற்காகவே ஒரு கோட்டை வரைந்து, அதில் தாவித் தாவிச் செல்ல வைத்தார். தாதியர் பிரிவில் வேலை செய்யும் சக மாணவி ஒருவர், இரவு முறை வேலையின் நேரத்தைக் கணக்கிட்டுச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட இதே கோட்டைத்தான் இப்போது வரைகிறார்.

கடைக் கணக்குகளில் ஆசிரியை எங்கள் வீட்டுச் சாமான்களையே கேட்டு வாங்கிக் கணக்காக்கினார். 5 கிலோ அரிசி 11 பவுண், 10 கிலோ 20 பவுண், 20 கிலோ 43 பவுண் என்றால் எது மலிவு? பெரிய மூட்டை என்று கைகள் உயர்ந்தன. கிலோவுக்குப் பார்த்தால் முறையே 2.20, 2.00, 2.15, நடு மூட்டைதான் மலிவு. 85 பவுண் மேற்சட்டைக்கு 20 வீதக் கழிவும், அதன்மேல் இன்னும் 10 வீதக் கழிவும் என்றால் 30 வீதம் ஆகாது என்பதையும் அப்படியே செய்து பார்த்தோம்: 68 பவுணாகி, பிறகு 61.20 ஆகிறது, 59.50 ஆகவில்லை.

வகுப்பில் மளிகைக் கடைக் கல்லாவில் பல வருடம் நின்றவர்கள் இருந்தார்கள். கையிலுள்ள காசில் மீதி கொடுப்பதில் அவர்களை யாரும் வெல்ல முடியாது. அதே கணக்கைத் தாளில் கண்டால் பேனையை வைத்துவிடுவார்கள். பிரேசிலின் ரெசிஃபெ நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களைப் பற்றி 1985 இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. தேங்காயும் தர்ப்பூசணியும் விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் 98 வீதம் சரியாகச் சொன்ன அதே ஐந்து சிறுவர்கள், கதையாகத் தந்த கணக்குகளில் ஏறத்தாழ 74 வீதமும், வெறும் எண்களாகத் தந்த கணக்குகளில் 37 வீதமும்தான் சரியாகச் செய்தார்கள். ஆகவே ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும் கடைக்காரரிடம் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. கல்லாவுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பாதை போட்டுக் கொடுப்பதுதான் மிச்சம், அந்தப் பாதையின் நடுப்பகுதி கதைக் கணக்கு. இந்த வகுப்பு அவர்களைப் பிள்ளைகளாக நடத்தாமல், அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு நிலைக்கு வகுத்திருக்கும் கற்பித்தல் நேரம் 55 மணித்தியாலம். பாடசாலையை விட்டு இருபது வருடமான ஒருவருக்கு அது போதவே போதாது. ஒரே வகுப்பில் பின்னத்தை முதல்முறை பார்ப்பவரும், வாரம் தவறாமல் பழைய தாள்களைச் செய்து வருபவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். முன்னவருக்காக நின்றால் பின்னவருக்கு அலுப்பு, பின்னவரோடு ஓடினால் முன்னவர் அடுத்த வாரம் வருவதில்லை. எங்கள் கல்லூரியில் கொடுத்த ஒளிப்பிரதித் தாள்கள் மங்கலாக இருந்தன. வரைபின் அச்சிலுள்ள எண்களை வாசிக்க முடியாமல் போனால் அந்தக் கணக்கைக் கொண்டு என்ன பயன்? இன்னொன்று, அளவைகள். பால் போத்தலில் 4 பைன்ட் என்றும் 2.272 லீற்றர் என்றும் சேர்த்தே அச்சிட்டிருக்கும் நாடு இது. வீதிப் பலகையில் மைல், ஓட்டப் பந்தயத்தில் கிலோமீற்றர். நமக்கு மைலும் பைன்டும் கையோடு வந்தவையல்ல. 5 மைல் என்பது ஏறத்தாழ 8 கிலோமீற்றர் என்பது போன்ற மாற்றங்களுக்கு வகுப்பில் ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு என்பதால், அதை வீட்டில் தனியே பழக வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பயிற்சிக்கு இரண்டு இலவச இடங்களைச் சொல்லலாம். பிபிசி ஸ்கில்ஸ்வைஸ் பகுதியில் சிறு காணொளிகளும் பயிற்சித் தாள்களும் உள்ளன. என்ட்ரி நிலைகளில் இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். நேஷனல் நியூமரசி என்னும் தொண்டு நிறுவனம் நடத்தும் ‘சேலஞ்ச்’ அன்றாடக் கணக்குகளையே கேட்டு, 100க்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 80ஐ எட்டினால் அன்றாட வாழ்வுக்குத் தேவையான அடிப்படை இருக்கிறது என்று கொள்கிறார்கள். யாரும் பார்க்காமல், வீட்டில் இருந்தபடியே செய்யலாம் என்பது கூச்சப்படுபவர்களுக்குப் பெரிய ஆறுதல். கூச்சப்படக் காரணமும் இல்லை: அரசு 2011 இல் நடத்திய ஆய்வில், இங்கிலாந்தின் வேலை செய்யும் வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேருடைய எண்ணறிவு ஆரம்பப் பாடசாலைப் பிள்ளையின் அளவில்தான் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அந்தப் பாதிக்குள் இருக்கிறார்கள். ஆயினும் திரையில் வரும் பயிற்சி, விடை பிழை என்று சொல்லுமே தவிர, எந்தச் சொல்லைத் தாண்டிப் போனீர்கள் என்று கேட்காது. அதைக் கேட்கும் ஆள் வகுப்பில்தான் இருக்கிறார்.

சேர நினைப்பவர்கள் செப்டெம்பருக்காகக் காத்திராமல் கல்லூரியை அழைத்துக் கேட்கலாம். ஜனவரியில் தொடங்கும் வகுப்புகளும் உண்டு. பதிவு செய்யும்போது மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் கற்பிக்கிறார்கள்? எந்தப் பரீட்சைச் சபையின் தாள், அதைக் காகிதத்திலா கணினியிலா எழுத வேண்டும்? ஒரு தடவை சித்தியடையாவிட்டால் மறுபடி எழுதக் கட்டணம் உண்டா? சபையின் பெயர் தெரிந்தால், பியர்சன், சிட்டி அன்ட் கில்ட்ஸ் போன்றவை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் மாதிரித் தாள்களில் ஒன்றை எடுத்து, முதல் வகுப்புக்கு முன்பே முழுவதையும் வாசித்துவிடுங்கள். விடை எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கேள்வியிலும் என்ன நடக்கிறது, எதைக் கேட்கிறார்கள் என்பதைத் தமிழில் ஒரு வரியாகப் பக்கத்தில் குறித்துக்கொண்டு போனால், முதல் நாளிலேயே ஆசிரியரிடம் கேட்க வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.