"16.ஆர்.ஆர்.": ஒரு துப்பாக்கி முத்திரையைப் படிக்க மூன்று வழிகள்

பழைய ஜெர்மானிய ரைபிள் ஒன்றின் பின்தகட்டில், அதாவது தோளில் அணைகிற இரும்புத் தகட்டில், "16.ஆர்.ஆர்.3.41" என்று ரோமன் எழுத்தில் குத்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்த உடனே மனம் ஓடத் தொடங்கிவிடும். எந்தப் படை? எந்தப் போர்முனை? யார் தோளில் இருந்தது?

இதற்கு விடை தேட மூன்று வழிகள் இருக்கின்றன. ராணுவத்தின் முத்திரை விதிகளைக் கொண்டு படிப்பது ஒன்று. அதே காலத்து மற்றத் துப்பாக்கிகளோடு ஒப்பிடுவது இன்னொன்று. ஆவணக்காப்பகத்துக்கு எழுதிக் கேட்பது மூன்றாவது. பெரும்பாலோர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். ஆவணம் என்றாலே உண்மை என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து.

விதிகளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியப் பேரரசின் மிகப் பெரிய ராஜ்யமான பிரஷ்யாவின் ராணுவம் 1877இலும் பிறகு 1909இலும் ஆயுதங்களில் எதை எப்படிக் குத்த வேண்டும் என்று விரிவாக வகுத்து வைத்திருந்தது. முதலில் ரெஜிமெண்ட் எண், அடுத்துப் படை வகையின் எழுத்து, பிறகு கம்பெனி எண், கடைசியில் ஆயுதத்தின் எண். ஓர் 'ஆர்' மட்டும் இருந்தால் காலாட்படை ரெஜிமெண்ட், இரண்டு இருந்தால் ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்ட். ஆக நம் முத்திரை 16ஆம் ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்ட், 3ஆம் கம்பெனி, 41ஆம் துப்பாக்கி. அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும் விடை.

ஆனால் அது 1918 வரைக்குமான விடை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மானியத் தரைப்படையை ஒரு லட்சம் பேராகச் சுருக்கிய பிறகு முத்திரையின் இலக்கணமே மாறியது. கம்பெனி எண் முன்னால் வந்தது, அதன் பின் ஒரு சாய்கோடு, ரெஜிமெண்ட் எண் எழுத்துகளுக்குப் பின்னால் போனது. "3./ஆர்.ஆர்.16.41" என்று இருந்தால் அது ரிசர்வ் படையே இல்லை. 'ரைட்டர்', அதாவது குதிரைப்படை ரெஜிமெண்ட். காலாட்படைக்கு இப்போது 'ஜே.ஆர்.', 'ஐ' எழுத்தை 'ஜே' வடிவில் குத்துவது அவர்கள் வழக்கம். அந்தச் சிறிய படையில் 21 காலாட்படை ரெஜிமெண்டுகளும் 18 குதிரைப்படை ரெஜிமெண்டுகளும்தான் இருந்தன. எனவே இந்த வடிவில் 18ஐத் தாண்டிய ஒரு குதிரைப்படை எண் வந்தால், எங்கோ தவறாகப் படித்திருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். இப்படித் தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் வழி மற்ற இரண்டிலும் இல்லை. அதனால்தான் விதிகளுக்கு முதலிடம் கொடுக்கிறேன்.

விதிகளின் பலவீனம், எழுத்துகள் வெவ்வேறு அமைப்புகளுக்குப் பொதுவாக இருப்பது. பிரஷ்யக் காவல்துறை ஆயுதத்தில் "எஸ்.டி." என்று கண்டவர்கள் நாஜி உளவு அமைப்பின் பெயர்ச்சுருக்கம் என்று பதறிவிடுகிறார்கள். பல நேரங்களில் அது டுஸ்ஸெல்டார்ஃப் வட்டாரத்துச் சீருடைக் காவலர்களைத்தான் குறிக்கும். எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது. இங்கேதான் ஒப்பீடு தேவைப்படுகிறது.

ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது முத்திரை இருக்கும் இடம். முதல் உலகப் போரின் கெவேர் 98 ரைபிளில் பின்தகடும், கட்டையின் வலப்பக்கம் பதித்த வட்டத் தகடும் படைப்பிரிவு முத்திரைக்கு உரிய இடங்கள். படை மாறியபோது பழைய முத்திரையின் மேல் கோடு கிழித்துப் புதியதைக் குத்தியிருப்பார்கள். குழல் வந்து பொருந்தும் முன்வளையத்தில் உற்பத்தி ஆண்டைத் தவிர "1920" என்று தனியாக இருந்தால், போருக்குப் பின் குடியரசு அரசு இது தன் சொத்து என்று அடையாளமிட்டது என்று பொருள். அதை உற்பத்தி ஆண்டு என்று படிப்பவர்கள் ஏராளம்.

இரண்டாம் உலகப் போரின் காராபினர் 98கே ரைபிள் வேறு கதை. 1930களின் நடுவில் படை வேகமாகப் பெருகத் தொடங்கியபோது, ரகசியம் கருதித் தரைப்படை படைப்பிரிவு முத்திரை குத்தும் வழக்கத்தைக் கைவிட்டது. ஆகவே போர்க்காலத்தில் செய்த 98கே ஒன்றில் "மர்மமான படைப்பிரிவு முத்திரை" என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் அதுவல்ல. கழுகுக்குக் கீழே 135 என்று இருந்தால் அது ஓபர்ன்டார்ஃப் மௌசர் ஆலையின் ஆய்வாளர் முத்திரை. வரிசை எண்ணுக்குப் பின் வரும் சிறிய எழுத்து, பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒரு முறை மாறும் தொகுதி எழுத்து. கடற்படை மட்டும் விதிவிலக்கு: பின்தகட்டில் வடகடலுக்கு 'என்', பால்டிக் கடலுக்கு 'ஓ' என்று எண்ணோடு குத்திவந்தது. இன்னும் சில போருக்குப் பிந்தியவை. 1945இல் ஜெர்மானியர்கள் விட்டுப்போன துப்பாக்கிகளை நார்வே தன் படைகளுக்கு எடுத்துக்கொண்டு, தரைப்படை, விமானப்படை, ஊர்க்காவல் என்று தன் மொழியில் பெயர் பொறித்தது. சோவியத் கிடங்குகள் கைப்பற்றியவற்றில் பல, முன்வளையத்தில் ஒரு பெருக்கல் குறியோடு வெளிவந்தன.

ஒப்பீட்டில் நான் மிகவும் மதிக்கும் சோதனை ஒன்று உண்டு. 98கே ரைபிளின் பின்தகட்டிலும் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணும் முன்வளையத்து எண்ணும் பொருந்தவில்லை என்றால், முத்திரை தகட்டின் வரலாற்றைச் சொல்கிறது, துப்பாக்கியின் வரலாற்றை அல்ல. பழுதுபார்க்கும் பட்டறையில் முந்தைய போரின் தகடு ஒன்று புதிய துப்பாக்கியில் ஏறியிருக்கலாம்.

இந்த வழியின் ஆபத்து எதிரொலிதான். ஒருவர் ஊகமாகச் சொன்னதைப் பத்துப் பேர் திரும்பச் சொன்னால் அது சான்றுபோல நின்றுவிடுகிறது. போலிகளும் உண்டு. நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையின் மண்டையோட்டு முத்திரையை அதிகமாகப் போலி செய்கிறார்கள். பளபளப்பான நீலக்கருப்புப் பூச்சை வெட்டிக்கொண்டு புத்தம்புது உலோகம் தெரிந்தால், அந்த முத்திரைக்கு நேற்றைய வயதுதான்.

கடைசியாக ஆவணக்காப்பகம். இங்கே நம் "16.ஆர்.ஆர்." மீண்டும் வருகிறது. பிரஷ்யாவுக்கு ஒரு 16ஆம் ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்ட் இருந்தது. அதே பேரரசில் தனிப்படை வைத்திருந்த பவேரியாவுக்கும் இருந்தது. பவேரிய ஆயுதமானால் முத்திரையின் தலையில் ஒரு 'பி' நிற்கும். அந்த ஒற்றை எழுத்துதான் தேடலின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் மீது நடந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பவேரியப் படையின் ஆட்பதிவேடுகள் மியூனிக்கில் பத்திரமாக இருக்கின்றன. பவேரிய 16ஆம் ரிசர்வ், லிஸ்ட் ரெஜிமெண்ட் என்று அழைக்கப்பட்டது. அடால்ஃப் ஹிட்லர் தூதோட்டக்காரராக இருந்த அதே ரெஜிமெண்ட். எனவே போலி செய்யத் தூண்டும் அந்த 'பி' புதிதாகக் குத்தியதா என்பதை இரு முறை பாருங்கள்.

எண்ணும் திசை காட்டும். ஜெர்மானியப் பேரரசின் காலாட்படை எண் வரிசையில் 121 வூர்ட்டம்பெர்க் ராஜ்யத்தைச் சேர்ந்தது, லுட்விக்ஸ்பர்க்கில் இருந்த படை. அதன் தாள்களுக்கு ஸ்டுட்கார்ட் போக வேண்டும். 109 முதல் 114 வரை பாடன் பகுதியின் படைகள், அவற்றின் தாள்களுக்குக் கார்ல்ஸ்ரூஹே. எரிந்துபோன பிரஷ்ய ரெஜிமெண்டுகளுக்கு, 1920களிலும் 30களிலும் அவற்றின் முன்னாள் அதிகாரிகள் அச்சிட்ட ரெஜிமெண்ட் வரலாறுகளே எஞ்சிய துணை.

ஆனால் இவ்வளவு அலைந்தும் கிடைப்பது படை எங்கே போனது என்பதுதான். காயம்பட்டவனின் துப்பாக்கியைப் பொறுக்கியெடுத்து, பழுதுபார்த்து, வேறொருவனிடம் கொடுத்தார்கள். தாளில் இருக்கும் போர்முனையைக் கையில் இருக்கும் இரும்போடு முடிச்சுப் போடும் கடைசிக் கண்ணி பெரும்பாலும் அறுந்தே இருக்கிறது. ஆவணக்காப்பகத்தைக் கடைசியில் வைப்பது அதனால்தான். முதல் இரண்டு வழிகளும் ஒரே விடையைச் சொன்ன பிறகு அங்கே போனால் செலவழித்த காலம் வீணாகாது.

முத்திரை தேடுகிறவர்கள் தாண்டிப்போகும் இன்னொரு குறி உண்டு, ஆலைக்குறி. 98கே முன்வளையத்தில் "பி.சி.டி." என்ற மூன்று எழுத்து இருந்தால் அது வைமார் நகரின் குஸ்ட்லோஃப் ஆலை. அந்த நிறுவனம் 1943இல் பூஹன்வால்ட் வதைமுகாமின் வேலிக்கு அருகே ஓர் ஆலை நடத்தி, கைதிகளை வைத்து ரைபிள் வேலை வாங்கியது. 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் அதைக் குண்டுவீசி அழித்தபோது உள்ளே இருந்த கைதிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். "பி.என்.இசட்." என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆலை; அதற்கான பாகங்களைக் குசன் வதைமுகாமின் கைதிகள் கடைந்தார்கள். இந்தக் குறியைப் படிக்க விதிநூலோ ஆவணக்காப்பகமோ தேவையில்லை. துப்பாக்கியின் தலையிலேயே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இருக்கிறது.