பூக்கிழங்குகளுக்குத் தரையா, தொட்டியா?

அமரில்லிஸ், சம்பங்கி, ரெயின் லில்லி, கிளாடியோலஸ், எதை வாங்கி வந்தாலும் தரையில் நடுவதா, தொட்டியில் நடுவதா என்ற கேள்வி வந்துவிடும். இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் பலரும் முடிவு செய்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, கிழங்கு தூங்கும் மாதங்களில் அதன்மேல் தண்ணீர் படுமா என்பதைத்தான். இலை உதிர்ந்த கிழங்குக்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவையில்லை. அந்த நேரத்தில் சுற்றிலும் ஈரம் நின்றால், வேர் முளைக்கும் அடித்தட்டிலிருந்து அழுகத் தொடங்கும்.

இந்த விஷயத்தில் என் ஓட்டு தொட்டிக்கு. இலை பழுத்ததும் தொட்டியைத் தூக்கி மழை படாத இடத்தில் வைத்தால் போதும். தரையில் அந்த வசதி கிடையாது. கிழங்கைத் தோண்டி எடுத்து உலர்த்த வேண்டும், அல்லது முதலிலேயே 15 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு மண்ணில் மணல் கலந்திருக்க வேண்டும்.

அமரில்லிஸ் என்று நாம் அழைக்கும் ஹிப்பியாஸ்ட்ரத்துக்குத் தொட்டிதான் பொருத்தம். கிழங்குக்கும் தொட்டியின் சுவருக்கும் நடுவே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி போதும். கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தாராளமாக வளரட்டும் என்று ஒருமுறை 14 அங்குலத் தொட்டியில் ஒற்றைக் கிழங்கை முழுக்கப் புதைத்தேன். வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டது. சில வாரம் கழித்துக் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது வேகவைத்த வெங்காயம் மாதிரி உள்ளே அமுங்கியது. புளித்த வாடை வேறு. நல்ல கிழங்கு கல் போல இருக்கும். இப்போதெல்லாம் நடுவதற்கு முன்பும் அப்படி அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

அப்புறம், பூ முடிந்ததும் இலையை நறுக்கிவிடாதீர்கள். ஹிப்பியாஸ்ட்ரத்தில் ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூத்தண்டு என்ற கணக்கில் மொட்டுகள் கிழங்குக்குள்ளேயே உருவாகின்றன. இலை எவ்வளவு காலம் பச்சையாக நிற்கிறதோ அவ்வளவுக்குக் கிழங்கு பருக்கும். தொட்டி மண்ணில் சத்து சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அங்கே உரத்தை நாம்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சம்பங்கிக்கு வந்தால் என் தராசு தரைப்பக்கம் சாய்கிறது. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, அதன் பக்கத்தில் முளைக்கும் குட்டிகள்தான் அடுத்துப் பூக்கும். அவை பருக்க இடம் வேண்டும். தொட்டியில் நெருக்கியடித்து நின்றால் இலை மட்டும் புதராக வரும். கிளாடியோலஸுக்கும் தரையே நல்லது. பூத்தண்டு உயரமாகவும் கனமாகவும் வருவதால் சின்னத் தொட்டியைக் காற்று சாய்த்துவிடும். 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் நட்டு ஒரு குச்சி ஊன்றுங்கள். ரெயின் லில்லி எங்கே வைத்தாலும் பூக்கும்.

டியூலிப் தனிக்கதை. அதற்கு ஏறத்தாழ 12 முதல் 16 வாரம் குளிர் வேண்டும். குளிர்காலம் உள்ள இடத்தில் தரையே அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் எலியும் அணிலும் தோண்டித் தின்னும். அவை தொடாத டாஃபடிலைச் சுற்றிலும் நடலாம், அதன் கிழங்கில் நஞ்சு உண்டு. வெப்பமான இடத்தில் ஃப்ரிட்ஜில் குளிர வைத்துத் தொட்டியில் நட வேண்டும். பக்கத்தில் ஆப்பிள் வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூவைக் கருக்கிவிடும். மறு வருடமும் அதே கிழங்கு பூக்கும் என்று வெப்பமான இடத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவழி. அடியில் நிறையத் துளையுள்ள தொட்டியில் நட்டு, அதை விளிம்புவரை தரையில் புதைத்துவிடுகிறேன். வெயில் பக்கவாட்டில் தாக்காததால் தொட்டி மண் கொதிக்காது. இலை பழுத்ததும் அப்படியே உருவி எடுத்துவிடலாம். காலியான குழியில் அடுத்துப் பூக்கப்போகும் தொட்டி இறங்கும்.