தாது வருஷப் பஞ்சம்: மூன்று புத்தகங்கள், மூன்று குற்றவாளிகள்

போன மாதம் ஒரு நாள், சமையலறைத் தராசில் ஒரு பவுண்டு புழுங்கலரிசி நிறுத்தேன். 453 கிராம். எங்கள் வீட்டு டம்ளரில் மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. வடித்துக் கொட்டியபோது ஓர் ஆளுக்குத் தாராளமாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த குழம்புச் சட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். மோரை எடுத்தேன், கீரையை எடுத்தேன். வெறும் சோறு மட்டும் மிச்சம். இதைத் தின்றுவிட்டுப் பொழுது சாயும்வரை கல் உடைக்க வேண்டும், மண் வெட்டிச் சுமக்க வேண்டும். நாளைக்கும் இதேதான், மூன்று மாதம் கழித்தும் இதேதான்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நிர்ணயித்த நாள் கூலி இது: ஒரு பவுண்டு தானியத்தின் விலை, மேலே அரையணா. உப்பு, மிளகாய், விறகு எல்லாம் அந்த அரையணாவுக்குள் அடங்க வேண்டும்.

நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம், ஐதராபாத் என்று தக்காணம் முழுக்கப் பரவியது. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறவர்களும் உண்டு. காலனியம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த மூன்று வருஷங்களைத்தான் காட்டுவேன். அடுத்து அவர்கள் கேட்பது, எதைப் படிப்பது என்று. அதற்குத்தான் பதில் சுலபமில்லை. கையில் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன, மூன்றும் குற்றவாளி என்று வெவ்வேறு ஆளைக் காட்டுகின்றன.

முதலாவது, வில்லியம் டிக்பி 1878-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட 'தி ஃபேமின் கேம்பெய்ன் இன் சதர்ன் இந்தியா'. இரண்டாவது, மைக் டேவிஸ் எழுதிய 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்'. மூன்றாவது, 2013-இல் வந்த ஜெயமோகனின் 'வெள்ளை யானை' நாவல். சசி தரூரின் 'ஆன் எரா ஆஃப் டார்க்னஸ்' நூலையும் பலர் சொல்வார்கள். அது மொத்தக் காலனிய ஆட்சி மீதும் ஒரு வழக்கறிஞர் வாசிக்கும் குற்றப்பத்திரிகை. பஞ்சம் அதில் ஒரு பகுதிதான். வாதாடப் பயன்படும், ஆனால் நான் தேடுவது வேறு என்பதால் ஒதுக்கிவிட்டேன்.

டேவிஸிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பஞ்சத்தை உலகத்தின் கண்ணுக்கு மறுபடி கொண்டுவந்தவர் அவர்தான். கலிஃபோர்னியாக்காரர், இறைச்சி வெட்டும் வேலையும் லாரி ஓட்டும் வேலையும் பார்த்துவிட்டு எழுத வந்தவர். அவர் கேட்கும் கேள்வி நேரானது. மழை பொய்த்தது இயற்கை, சரி. பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ வந்தால் இந்தியாவிலும் வடசீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் ஒரே சமயத்தில் வறட்சி வரும், அதுவும் சரி. ஆனால் ரயிலும் தந்தியும் வந்த பிறகு சாவு ஏன் இவ்வளவு பெருகியது? பஞ்சத்தைப் போக்கும் என்று சொல்லிப் போட்ட ரயில், தானியத்தை ஊரிலிருந்து அள்ளிக்கொண்டுபோய்ப் பெரிய கிடங்குகளில் சேர்த்தது. ஓரிடத்தில் விலை ஏறினால் தந்தி வழியாக மற்ற ஊர்களிலும் அன்றே ஏறியது. கையில் காசில்லாதவன் கண்ணெதிரே மூட்டைகள் ரயிலேறின. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு அந்தக் காலத்தில் போன கோதுமை மட்டும் 3 லட்சம் டன்னுக்கு மேல். சென்னை மாகாணத்தில் கோதுமை விளையவில்லை, அது வடக்கிலிருந்து போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே அரசாங்கம், ஒரே கஜானா. தெற்கே ஆள் சாகும்போது வடக்கே தானியம் கப்பலேறலாம் என்று முடிவெடுத்ததும் அதே மேசைதான். விலையில் அரசு தலையிடவே கூடாது என்பது லிட்டனின் கண்டிப்பான உத்தரவு. அதே லிட்டன்தான் 1877 ஜனவரி 1-ஆம் தேதி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் கூட்டினார். ஒரு வாரம் 68,000 பேருக்கு விருந்து.

டெம்பிள் கூலிக்கு டேவிஸ் ஒரு அட்டவணை போடுகிறார். என்னால் மறக்க முடியாத பக்கம் அது. டெம்பிள் கூலியில் கிடைத்தது 1,627 கலோரி. 1944-இல் புக்கன்வால்ட் நாஜி முகாமில் கொடுத்தது 1,750 கலோரி. என் தராசு சமையலறை மேடைக்கு வந்தது இந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான்.

டெம்பிள் ஒரு முரட்டு ஆசாமி என்று நினைத்துவிடக் கூடாது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் டன் அரிசி இறக்கி, சாவே கிட்டத்தட்ட இல்லாமல் காப்பாற்றியவர் அதே மனிதர். அதற்காக லண்டனில் அவரைப் பாராட்டவில்லை, பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று கிழித்தார்கள். மூன்று வருஷம் கழித்துச் சென்னைக்கு வந்தபோது சிக்கனக்காரராக வந்தார். டேவிஸ் புத்தகத்தின் பலம் இந்த இடத்தில் இருக்கிறது. ஒரு தனி மனிதரின் கொடூரத்தைக் காட்டிவிட்டு அவர் நகர்ந்துவிடுவதில்லை. காப்பாற்றத் தெரிந்தவனையே காப்பாற்றாதவனாக மாற்றிய கொள்கையைக் காட்டுகிறார். அவர் பார்வையில் குற்றவாளி சந்தைதான், அதைத் தெய்வமாக வைத்துக் கும்பிட்ட பேரரசுதான்.

குறையும் உண்டு. சாகிறவர்கள் டேவிஸிடம் எண்ணிக்கையாகவே இருக்கிறார்கள். சேலத்திலோ செங்கல்பட்டிலோ முதலில் செத்தது யார், கடைசியாகச் செத்தது யார் என்று கேட்டால் புத்தகம் வாய் திறப்பதில்லை. பாதிக்கு மேல் வரும் வானிலை அறிவியல் பக்கங்கள் கனமானவை. பொறுமை இல்லாதவர்கள் அதைத் தாண்டிவிட்டுப் பிறகு வந்து படிக்கலாம்.

டிக்பி வேறு ரகம். அவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியர், இங்கிலாந்தில் திரட்டிய நிவாரண நிதிக்கு இங்கே செயலாளர். பேரரசு நல்லது என்று மனதார நம்பியவர். அந்த நம்பிக்கையோடு அவர் எழுதியதால்தான் புத்தகம் இவ்வளவு கனக்கிறது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒரு பவுண்டில் உழைக்கிற உடம்பு நிற்காது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அறிக்கைமேல் அறிக்கையாக எழுதுகிறார். டெம்பிள் பதில் எழுதுகிறார். கார்னிஷ் மறுக்கிறார். இந்த வாதம் நடந்துகொண்டிருந்த வாரங்களிலும் முகாம்களில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. இந்தக் காகிதப் போரைக் கூடவே இருந்து பதிவு செய்த புத்தகம் இது. டேவிஸே இதிலிருந்துதான் நிறைய எடுத்தாள்கிறார்.

படிப்பது கடினம். தந்திகள், விலைப்பட்டியல்கள், குறிப்பாணைகள் என்று பக்கம் பக்கமாக ஓடும். பட்டினி கிடந்த தமிழன் எவனும் பெயரோடு வருவதில்லை. வெள்ளைக்காரர் கருணையைப் பற்றி நெகிழ்ந்து எழுதும் இடங்களில் எனக்குக் கோபம் வந்தது. டிக்பியின் குற்றவாளி தவறான நிர்வாகம், தவறான உத்தரவு. நல்ல அதிகாரி வந்திருந்தால் நடந்திருக்காது என்பது அவர் கட்சி. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1901-இல், தாதாபாய் நௌரோஜியின் வறுமை பற்றிய பெருநூல் வந்த அதே ஆண்டில், இந்தியா செழிப்பாக இருக்கிறது என்ற கதையைக் கணக்குப் போட்டு உடைத்து இன்னொரு புத்தகம் எழுதினார். பேரரசை நம்பி வந்த ஒருவர் கண்ணால் கண்டதைக் கொண்டே மெல்ல மாறியது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டு புத்தகங்களிலும் இல்லாத ஒன்று 'வெள்ளை யானை'யில் இருக்கிறது: சாதி. நாவலின் மையம் ஏய்டன் பைர்ன் என்ற ஐரிஷ் காவல் அதிகாரி. ஐரிஷ்காரனைத் தேர்ந்ததில் பொருள் இருக்கிறது. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்த நாடு அது. அயர்லாந்தில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன்தான் பிறகு 1859-இல் சென்னைக்கு கவர்னராக வந்தார். தானும் அடிமை நாட்டுக்காரன் என்று தெரிந்த ஒருவன் இன்னொரு அடிமை நாட்டில் துப்பாக்கியோடு நிற்கிறான். மெரினாவில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ், அங்கே அந்தக் கட்டிகளை வெறுங்கையால் சுமக்கும் தலித் தொழிலாளர்கள், அவர்களின் வேலைநிறுத்தம், பிறகு செங்கல்பட்டுச் சாலையில் அவன் பார்க்கும் பஞ்சம் என்று கதை போகிறது. வெள்ளைக்காரத் துரை தன் விருந்துக்குப் பனிக்கட்டி வாங்குகிறான். இடையில் நின்று ஆளைப் பிழிவது நம் ஆட்கள். கூலியை நெல்லாக வாங்கிய பண்ணையாளை, விளைச்சல் பொய்த்ததும் வாசலிலிருந்து விரட்டியதும் நம் ஆட்கள்தான். முதலில் செத்தவர்கள் நிலமில்லாத கூலிகளும் சேரிக்காரர்களும் என்ற உண்மையை மற்ற இரண்டு நூல்களும் ஓரத்தில் வைக்க, இந்த நாவல் நடு முற்றத்தில் வைக்கிறது. குற்றவாளிக் கூண்டில் துரையோடு நம்மையும் ஏற்றுகிறது. படித்து முடித்த இரவு என் தாத்தாவின் தாத்தா எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

இதிலும் எனக்குக் குறை தெரிகிறது. பேச்சு அதிகம். கருத்தை விளக்குவதற்கென்றே சில பாத்திரங்கள் வருகின்றன. இத்தனை தலித் வாழ்க்கையும் ஒரு வெள்ளையனின் மனசாட்சி வழியாகவே நம்மிடம் வந்து சேர்வது உறுத்துகிறது. முக்கியமாக, இது நாவல். இதில் வரும் வேலைநிறுத்தத்தை ஆவணம்போல மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அது தவறு.

நாவலைப் படித்த பிறகு ஒரு மாலை ஐஸ் ஹவுஸ் நிறுத்தத்தில் இறங்கினேன். கட்டடம் இப்போது விவேகானந்தர் இல்லம், 1897-இல் அவர் சில நாள் தங்கிய இடம். அங்கிருந்து மேற்கே கொஞ்சம் நடந்தால் பக்கிங்காம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயர் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது. கறுப்புத் தண்ணீருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஒரு பவுண்டு அரிசிக்கு இந்த மண்ணைச் சுமந்தவர்களைப் பற்றி நான் நின்ற இடத்தில் ஒரு பலகைகூட இல்லை.

ஆக, எதை முதலில் படிப்பது? தமிழ் வாசகருக்கு நான் 'வெள்ளை யானை'யைத்தான் முதலில் கொடுப்பேன். டேவிஸை முதலில் படித்தால் கோபம் முழுக்க லண்டன் பக்கம் போய்விடுகிறது, நாம் நல்லவர்களாகவே எழுந்துவிடுகிறோம். நாவல் அதற்கு இடம் கொடுக்காது. அடுத்து டேவிஸ். நாவலில் பார்த்த சாலையோரச் சாவு எந்த மேசையில் முடிவானது என்பது அப்போதுதான் விளங்கும். ஆங்கிலமும் நேரமும் இருப்பவர்களுக்கு டிக்பி. இரண்டு பாகமும் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தொடக்கத்திலிருந்து படிக்கப் போனால் விலைப்பட்டியலிலேயே களைத்துப்போவீர்கள். டெம்பிளும் கார்னிஷும் ஒரு பவுண்டுக்காக மோதும் பக்கங்களைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து தொடங்குங்கள்.