ரிச்சி தெருவில் ஒரு வால்வு ரேடியோகிராமுக்கு என்ன கிடைக்கும்?

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மேலே விரிப்பும் அதன்மேல் பூச்சாடியுமாகப் பல ஆண்டுகள் மேசைபோலவே பயன்பட்டுவந்த ஜெர்மானிய வால்வு ரேடியோகிராமை இந்த ஆண்டு நானே சீர்செய்யத் தொடங்கினேன். வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒன்றாகச் சேர்ந்து, வால்வு எனப்படும் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் அந்தப் பெட்டி பெரியப்பா ஆசையோடு வாங்கியது. அதற்கான உதிரிகளுக்காக நான்கு மாதங்களில் ஆறு முறை ரிச்சி தெருவுக்குப் போய்வந்தேன். கணினிக்கும் கைப்பேசிக்கும் உரிய சந்தையாக இன்று அறியப்படும் அந்தத் தெரு, 1950களின் பெட்டி ஒன்றை மீண்டும் பேசவைக்க விரும்புகிறவருக்கு எவ்வளவு உதவும் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: வால்வு தேடி அங்கே அலையாதீர்கள். ரேடியோகிராம் பேசவில்லை என்றதும் எல்லோரும் வால்வைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் பெட்டியிலுள்ள ஏழு வால்வுகளில் நிலையம் சரியாகப் பிடிபட்டதா என்று பச்சை ஒளியால் காட்டும் மேஜிக் ஐ மட்டுமே மங்கியிருந்தது. மற்ற ஆறும் நன்றாகவே இருந்தன. கெட்டுப்போயிருந்தவை காகிதக் கண்டென்சர்கள். மெழுகுக்குள் சுற்றிய காகிதம் நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சியிருந்ததால், நேர்மின்சாரத்தைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்த வேண்டிய அவை இரண்டையும் சேர்த்தே விட்டுக்கொண்டிருந்தன. 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து, மின்சாரத்தைக் கட்டுப்படுத்திக் கொடுத்து அளந்தபோது, ஒலியைப் பெருக்கும் கடைசி வால்வான ஈஎல்84-இன் இரண்டாவது காலில், பூச்சியம் காட்ட வேண்டிய மீட்டர் 4 வோல்ட் காட்டியது. அதைக் கவனிக்காமல் முழு மின்சாரத்தில் ஓடவிட்டால் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்து, அதனோடு இணைந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடக்கூடும். அந்த டிரான்ஸ்பார்மர் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுக்கும் சரக்கு அல்ல. வைண்டிங் செய்பவரைத் தேடிப்பிடித்துச் சுற்றித்தான் வாங்க வேண்டும்.

அந்த ஆபத்தைத் தடுக்கும் கண்டென்சரோ ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. 0.01, 0.022, 0.047, 0.1 மைக்ரோஃபாரட் அளவுகளில் 630 வோல்ட் தாங்கும் பாலியெஸ்டர் கண்டென்சர்கள் நரசிங்கபுரம் தெருப் பக்கத்துச் சிறு கடைகளில் எண்ணிக்கைக்குத் தருகிறார்கள். ஒன்று கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. மின்வழங்கியிலுள்ள பெரிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குத்தான் திண்டாடப்போகிறோம் என்று பயந்திருந்தேன். ஆனால் இன்றைய சாதனங்களின் மின்வழங்கிகளும் நம் 230 வோல்ட் மின்சாரத்தை நேராக்கி ஏறத்தாழ 325 வோல்ட்டாகச் சேமிப்பதால், 400, 450 வோல்ட் கண்டென்சர்கள் இன்னமும் ஏராளமாகத் தயாராகின்றன. அன்று உள்ளங்கையை நிறைத்த 50 மைக்ரோஃபாரட் இன்று கட்டைவிரல் அளவில் வந்துவிட்டது. பழைய அலுமினியக் குடுவையை அழகுக்காக உலோகச் சட்டமான சேஸிஸின் மேலேயே விட்டுவிட்டு, அதன் இணைப்புகளை முழுவதும் துண்டித்து, புதியவற்றை அடியில் பொருத்தினேன்.

குறை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கடையில் 47 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டு விற்ற கண்டென்சர் வீட்டில் அளந்தபோது 30-ஐக்கூடத் தொடவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது, பற்றவைத்து ஈயம் பட்டதை மாற்றித்தர முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அன்று முதல் மீட்டரைக் கையோடு எடுத்துச் சென்று, கல்லாவில் வைத்து அளந்த பிறகே பணம் கொடுக்கிறேன். நல்ல கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. அடுத்த கடையில் இருந்த பெரியவர் தாமாகவே மீட்டரை எடுத்து அளந்து காட்டி, “சார், வோல்ட் குறைஞ்சதை மட்டும் எப்பவும் வாங்கிடாதீங்க” என்று எச்சரித்தும் அனுப்பினார். கண்டென்சர்களும் ரெசிஸ்டர்களும் சேர்த்து என் மொத்தச் செலவு சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

வால்வு மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் கதை வேறு. ஈசிசி83, ஈஎல்84 ஆகியவை கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களில் இன்றும் பயன்படுவதால் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் தயாராகின்றன, இணையத்தில் வாங்கலாம். வானொலிக்கே உரிய ஈசிஎச்81, ஈஏபிசி80 போன்றவற்றுக்குப் பழைய இருப்பையே நம்ப வேண்டும். 1961 முதல் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் செய்த வால்வுகள் பழைய மெக்கானிக்குகள் சிலரின் பெட்டிகளில் இருக்கக்கூடும். தெருவில் நான் கேட்ட கடைகள் எதிலும் மேஜிக் ஐ கிடைக்கவில்லை.

இசைத்தட்டுப் பகுதிக்கும் தெரு அவ்வளவாக உதவாது. ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பழைய கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. ஈரம் பட்டால் கரையும் அப்பொருள் சென்னையில் நிலைத்திருந்தால்தான் வியப்பு. பெட்டி வடிவ மலிவு ரெக்கார்ட் பிளேயர்களில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜைப் பொருத்தி எல்பி தட்டுகளைக் கேட்கிறேன். அதன் ஊசிமுனை 78 சுழற்சித் தட்டுகளின் அகன்ற பள்ளத்துக்குப் பொருந்தாது என்பதால், பெரியப்பாவின் தட்டுகள் இன்னும் உறையிலேயே இருக்கின்றன.

போக விரும்புகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண்வேலை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கண்டென்சரின் அளவையும் வோல்ட்டையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “ரேடியோகிராமுக்கு” என்று வாயால் கேட்டால் இளைஞர்களுக்குப் புரிவதில்லை.

கடைசிப் பயணத்தில் வாங்கியது ஒரு பிளாஸ்டிக் டிரிம்மர் திருப்புளி மட்டுமே. என் பெட்டியின் எஃப்எம் டயல் 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடுவதால் 98.3-இல் மிர்ச்சியும் 93.5-இல் சூரியனும் வந்தன, 101.4-இல் ஒலிக்கும் வானொலி நிலையத்தின் ரெயின்போ வரவில்லை. அந்தத் திருப்புளியால் சுருளின் உள்ளகத்தை மெல்லத் திருப்பி, அலைவரிசையை ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் நகர்த்தினேன். இப்போது 100 என்று எழுதிய இடத்துக்குச் சற்று முன்னால் ரெயின்போ கேட்கிறது. 102.3-இல் உள்ள நிலையம் இன்னும் எட்டவில்லை.