வேலை முடிந்து வரைய எந்த நேரம்?

அம்மா மலேசியத் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு)ப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்து, மதியம் ஒன்று ஒன்றரைக்கெல்லாம் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் துரையைவிட மரம்தான் தோட்டத்தில் வேலைநேரத்தை வகுத்தது. மீதி அரை நாள் கையில் நின்றது. திடலில் பந்து, கோயிலில் பஜனை, திருவிழா நெருங்கினால் நாடக ஒத்திகை எல்லாம் அந்த அரை நாளில் முளைத்தவை. (அம்மாவுக்கு அது துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் போனது. ஒத்திகைக்குப் போனவர் அப்பா.)

இன்று எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டைச் சுற்றி எண்ணெய்க்கான செம்பனைதான் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகளான நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருந்துகொண்டு ஈப்போ பக்கம் வேலைக்கு ஓடுகிறோம். எனக்கு ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை. காலை ஏழரைக்குக் கார்டு தட்டினால் மாலை ஐந்தரைக்கு வெளியே வரலாம். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஐந்து நாளுக்கு 45 மணி நேரம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 48-ஆக இருந்த வார உச்சவரம்பு, 2023 ஜனவரி 1 முதல் 45-ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். அது எங்கே போனது என்று கைப்பேசியைக் கேட்டால் தெரியும்.

நான் நீர்வண்ணத்தில் படம் வரைகிறவன். ஒன்றையும் விற்றதில்லை, விற்கிற தரமும் கிடையாது. நாலு வருடத்தில் நாலு வேளைகளில் உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. எந்த வேளை எந்தக் கைக்குச் சரிப்படும் என்று இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது.

எல்லாரும் முதலில் சொல்வது விடியற்காலைதான். ஐந்து மணிக்கு எழுந்திரு, உலகம் தூங்கும்போது உன் வேலையைப் பார். நானும் எழுந்தேன், ஏழு மாதம். நம் ஊரில் இந்த யோசனைக்கு ஒரு சிக்கல் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு சேர்த்தார்கள். கடிகாரம் நகர்ந்ததே தவிர சூரியன் நகரவில்லை. இன்று நாம் ஐந்து மணி என்று எழுவது அப்பா காலத்துக் கணக்கில் நாலரை. பொழுது விடிய ஏழு மணி ஆகும், பிப்ரவரியில் ஏழரையை ஒட்டிவிடும். நான் ஆறு நாற்பதுக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறேன். அதாவது வேலைக்கு முன் எனக்குப் பகல் வெளிச்சம் என்பது ஒரு நாளும் கிடையாது.

வரைகிறவனுக்கு இது சின்ன விஷயமல்ல. சமையலறைக் குழல் விளக்கின் கீழ் ஒரு செம்பனை வரிசை வரைந்தேன். ஓலைக்கு மூன்று பச்சை கலந்து, நிழலுக்கு ஊதா தொட்டு, திருப்தியோடு வேலைக்குப் போனேன். சனிக்கிழமை பகலில் வாசலில் வைத்துப் பார்த்தால் ஓலை முழுக்கப் பச்சைச் சோப்புக்கட்டி நிறம். நிழல் என்று நினைத்தது சேறு. மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, பிளாஸ்டிக் மரமா?" என்றாள். விடியற்காலைத் திட்டத்துக்கு அன்றே பாதி உயிர் போய்விட்டது.

ஆனால் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டு அண்ணனுக்கு அதே வேளை அமிர்தம். சிறுகதை எழுதுகிறவர். அவருக்கு வேண்டியது ஒரு விளக்கு, ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்), யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். நிறம் பார்க்க வேண்டியதில்லை, சத்தம் போட வேண்டியதில்லை. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்பைப் பார்த்து எழுத வந்த தலைமுறை அவர். எழுத்து, வாசிப்பு, இணையத்தில் ஒரு மொழி கற்பது என்று சத்தமில்லாமல் விளக்கொளியில் நடக்கிற எதற்கும் விடியற்காலை பொருந்தும். விலை ஒன்றுதான். இரவு பத்துக்குப் படுத்தாக வேண்டும், பத்துக்குப் படுக்கிற வீடாக அது இருக்க வேண்டும்.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவனை எழுப்ப ஆள் கிடையாது. கொசு, தொலைக்காட்சி, பிள்ளைகளின் பள்ளிப் பை, பக்கத்து வீட்டு நாய். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வேறு வேளையே அமையாது என்பது உண்மை, அவர்களைக் குறை சொல்லவில்லை. அண்ணி ஒருவர் ஒன்பது மணிக்கு மேல் தையல் மிஷினில் உட்காருவார். தனக்கென்று பூவேலை போட ஆரம்பித்தது, தீபாவளிக்கு நாலு பேர் ரவிக்கைத் துணி கொண்டுவந்து கொடுத்ததும் ஆர்டராகிவிட்டது. இப்போது வருமானம் உண்டு, பூவேலை இல்லை. பகலின் பாக்கிகள் எல்லாம் இரவில்தான் கதவைத் தட்டுகின்றன.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய பெயர். நாலு மணி நேரம் ஒரே மூச்சாகக் கிடைக்கும் என்று நினைத்துப் பெரிய தாள் வாங்கி வைத்தேன். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், பிள்ளையை டியூஷனில் விடுவது, கோயில் கூட்டம் என்று போய், இரண்டு மாதத்தில் எனக்கென்று நின்றவை மூன்று ஞாயிறு. சரி, அந்த மூன்றிலாவது நன்றாக வந்ததா? இல்லை. ஆறு நாள் பிரஷ் பிடிக்காத கைக்கு, தண்ணீர் எவ்வளவு எடுப்பது என்பதே முதல் ஒரு மணி நேரம் மறந்திருக்கும். வாரம் ஒரு முறை நாலு மணி நேரத்தைவிட, வாரம் இரண்டு முறை நாற்பது நிமிடத்தில் கை பழகுகிறது என்பது என் அனுபவம்.

ஆள் சேர்ந்து செய்கிற கலைக்கு ஞாயிறை விட்டால் நாதியில்லை என்பதையும் சொல்லவேண்டும். அக்காள் மகன் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். வளைந்த குச்சியை ஒரு பக்கத் தோலில் அழுத்தித் தேய்த்தால் வருகிற அந்த உறுமலை, சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீட்டில் இரவு எட்டு மணிக்கு யார் பொறுப்பார்கள்? ஒருவனுக்குக் காலை வேலை, ஒருவனுக்கு இரவு வேலை, ஒருவன் லாரி ஓட்டுகிறான். எல்லாரும் கூடுகிற ஒரே நாள் ஞாயிறு, ஒரே இடம் கோயில் பின்புறம். அவர்கள் ஞாயிறைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது, மிஞ்சியது அது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். தொழிற்சாலைக் கேட்டுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற நேரம்.

இது தற்செயலாகக் கிடைத்தது. சிம்மோர் தாண்டிப் பழைய சாலையில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையோர ஒட்டுக்கடையில் ஒதுங்கினேன். மழை விட்டதும் எதிரே குனோங் கந்தான். ஒரு பக்கம் கல் உடைத்து எடுக்கப்பட்டு வெள்ளையாகப் பிளந்து நிற்கிற சுண்ணாம்புக் குன்று. ஆறு மணிக்கு மேல் சாய்வெயில் அந்தப் பிளவில் பட்டது. சாம்பல் நிறம் மெல்ல மஞ்சளாகி, ஓரத்தில் ரோஜா நிறம் ஏறியது. நாலு வருடம் தினமும் இரண்டு தடவை கடந்து போன குன்று. பையில் இருந்த ஸ்டோர் பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஏழு மாதம் விடியற்காலையில் வரைந்த எல்லாவற்றையும்விட அது உயிரோடு இருந்தது.

காலையில் நம்மிடமிருந்து எடுத்த வெளிச்சத்தை அதே 1982 கடிகாரம் மாலையில் திருப்பித் தருகிறது. ஐந்தரைக்கு வேலை முடிகிறவனுக்கு வருடத்தில் பெரும்பாலான மாதம் ஏழேகால் வரை பகல் கையில் இருக்கிறது. மனசும் இன்னும் வீட்டுக்காரனாக மாறவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிய நிமிடம் நான் அப்பா, கணவன், கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாற்றுகிறவன். அதற்கு முன் ஒரு மணி நேரம் யாருமில்லை.

இப்போது மோட்டார் கூடையில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் ஏழு நிறம், ஒரு பிரஷ், பழைய பனியன் துண்டு, உள்ளங்கை அளவு வெட்டிய தடித்த தாள். சிறிய தாள்தான் ரகசியம். நாற்பது நிமிடத்தில் முடியாத எதையும் அதில் தொடங்கவே முடியாது. நம் ஊர் ஈரக்காற்றில் முதல் பூச்சு காயவே காயாது. ஈரத்தின் மேல் இரண்டாவது பூச்சைப் போட்டுப் பல தாளைக் கெடுத்த பிறகு ஒரு வழி கண்டேன். தாளை வெயிலில் கிடந்த மோட்டார் சீட்டின் மேல் விரித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பது. ஒரு கோப்பை முடியும் நேரத்தில் காய்ந்திருக்கும். மணி பார்ப்பதில்லை. மக்ரிப் பாங்கு கேட்டால் பிரஷைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கும் விலை உண்டு, அதைக் கொடுத்தது மனைவி. "ஆறேகாலுக்கு வர்ற மனுஷன் ஏழரைக்கு வந்தா பிள்ளைங்க வீட்டுப்பாடத்த யாருங்க பாக்குறது?" நியாயமான கேள்வி. பேசி ஒரு கணக்குக்கு வந்தோம். செவ்வாய், வியாழன் எனக்கு. திங்கள், புதன் நான் நேரே வீட்டுக்கு வந்துவிடவேண்டும், அவள் பாட்டு வகுப்புக்குப் போவாள். எந்த வேளையைத் தேர்ந்தெடுத்தாலும் இன்னொருவர் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதை நான் தெரிந்துகொண்டது அன்றுதான். அப்பாவுக்கு யார் தாங்கினார்கள் என்று மேலே அடைப்புக்குள் சொல்லிவிட்டேன்.

ஓவர்டைம் பேச்சை விட்டுவிட்டு இந்த ஒப்பீட்டை முடித்தால் அது பொய்யாகிவிடும். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சட்டக் கணக்குப்படி அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர நாள் என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆக 12 வெள்ளி 26 காசு. என்னைப்போல் வாரம் இரண்டு மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம் விட்டால் நாலு வாரத்தில் 196 வெள்ளி கையை விட்டுப் போகிறது. மின்சாரமும் தண்ணீரும் கட்டி மளிகைக்கும் மிஞ்சும் காசு அது. மாதம் 104 மணி நேரம் வரை ஓவர்டைம் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது, அந்த எல்லையை உரசிக்கொண்டு வாழ்கிறவர்கள் எங்கள் தாமானிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'உனக்கென்று நேரம் ஒதுக்கு' என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. அவர்களில் ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டோர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கோயில் கோபுரம் செய்கிறார். ஐந்து நிலை. மூன்றாவது நிலை நடக்கிறது.

ஷிப்டுக்காரர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. கையுறைத் தொழிற்சாலையில் இருக்கும் மச்சானுக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். நேரத்தை நிலைநிறுத்தப் பார்த்துத் தோற்றுவிட்டு, வாரத்தை நிலைநிறுத்திக்கொண்டார். காலை ஏழு முதல் மூன்று வரை உள்ள வாரம் மட்டும் மரவேலை, மற்ற வாரங்களில் உளியைத் தொடுவதில்லை. மூன்றரை மணிக்கு அவர் வாசலில் மரத்தூள் பறக்கும்போது அம்மா நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "இதுதான்டா பால நிறுத்துப் போட்டுட்டு நாங்க வீட்ல இருந்த நேரம்" என்பார். பால்மரத்துப் பலகை கிடைத்தால் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

என் வேளைக்கும் பருவம் உண்டு. அக்டோபர் தொடங்கினால் மாலை இடி மழை. நவம்பரில் ஏழு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், குன்றும் மேகத்துக்குள் போய்விடும். அந்த இரண்டு மாதம் பிஸ்கட் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, ஒட்டுக்கடைக் கூரைக்குக் கீழே பென்சிலால் மட்டும் வரைகிறேன். பெரும்பாலும் ரொட்டி சானாய் மாவு வீசுகிறவரின் கை. அவர் நிற்பதே இல்லை, அதனால் இன்னும் ஒன்றுகூட சரியாக வரவில்லை.