நித்திய ஜீவனா, நிலைவாழ்வா?

இயேசு தருவதாகப் பைபிள் சொல்லும் வாழ்வுக்கு என்ன பெயர்? பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை) வீட்டில் கேட்டால் 'நித்திய ஜீவன்' என்பார்கள். 1995-இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பைப் படிக்கும் கத்தோலிக்க நண்பர் 'நிலைவாழ்வு' என்பார். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒன்றுதான்: 'ஸோயே ஐயோனியோஸ்'. ஆனால் காதில் விழும் அர்த்தம் ஒன்றில்லை.

'நித்தியம்' என்றதும் மனம் நீளத்தைப் பிடித்துக்கொள்கிறது: செத்த பிறகு வரும், முடிவே இல்லாத காலம். துக்க வீட்டு ஜெபங்களில் இந்தச் சொல்தான் ஆறுதல். மாற்கு 10:30-உம் இனி வரும் காலத்தில் கிடைப்பதாகவே பேசுகிறது. அதனால் இதைத் தப்பு என்று தள்ள முடியாது.

'நிலைவாழ்வு' என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் நிலைக்கு வருவதுதான் ஞாபகம் வரும். ஓட்டம் நின்று ஓய்ந்துவிட்டது போல! அது ஒரு குறைதான். ஆனாலும் 'வாழ்வு' என்பது இன்றைக்கு நடப்பது. யோவான் 5:24-இல் விசுவாசிக்கிறவன் ஏற்கெனவே மரணத்தைத் தாண்டி ஜீவனுக்குள் வந்துவிட்டான். 17:3 இன்னும் நேரடி: பிதாவையும் அவர் அனுப்பிய இயேசுவையும் அறிவதே அந்த வாழ்வு. அங்கே ஆண்டுக் கணக்கே இல்லை, உறவுதான் இருக்கிறது. 'ஐயோனியோஸ்' என்பதிலும் 'வரும் யுகத்துக்கு உரிய' என்ற சாயல் உண்டு. அந்த யுகத்தின் வாழ்வு இப்போதே தொடங்கிவிடுகிறது.

சரி, எது மேல்? கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பழைய சொல்தான் வாயில் வரும். பைபிள் வகுப்பில் பையன்களுக்கு விளக்கும்போது மட்டும் புதியதை எடுக்கிறேன்.