இணைய டாங்கிப் போர் விளையாட்டுகள்: புதியவர் எதில் தொடங்குவது?

டாங்கியை ஓட்டிச் சென்று உலகின் பல மூலைகளிலிருந்து வருகிறவர்களோடு இணையத்தில் மோதும் விளையாட்டுகளில் மிகவும் பெயர்பெற்றவை இரண்டு. ஒன்று வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ், மற்றொன்று வார் தண்டர். இரண்டையும் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். இரண்டிலும் டி-34, ஷெர்மன், டைகர் என்று இரண்டாம் உலகப் போரின் அதே வண்டிகள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. படங்களை மட்டும் பார்க்கும் புதியவருக்கு எது எதுவென்றே பிடிபடாது. ஆடத் தொடங்கியதும் இரண்டும் வெவ்வேறு பிறவிகள் என்பது தெரிந்துவிடும். குண்டு ஒன்று பட்டால் என்ன ஆகிறது என்ற ஒரே கேள்விக்கு இவை தரும் விடைகள் வேறு. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் கிளைக்கின்றன.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடலாம். இவை விரல் வேகத்தை நம்பும் துப்பாக்கி விளையாட்டுகள் அல்ல. ஒரு முறை சுட்டபின் அடுத்த குண்டை ஏற்றப் பல நொடிகள் ஆகும், பீரங்கியைத் தாங்கிச் சுழலும் கோபுரம் மெதுவாகத்தான் திரும்பும், மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். எனவே எங்கே நிற்பது, எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எப்போது பின்வாங்குவது என்ற முடிவுகளே ஆட்டத்தைத் தீர்மானிக்கின்றன. டி-34 வண்டியின் முன்தகடு 45 மில்லிமீட்டர் கனம்தான். ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைக்கப்பட்டிருப்பதால், நேராக வரும் குண்டு 90 மில்லிமீட்டர் எஃகைக் கடந்தாக வேண்டும். டைகருக்கு அந்தச் சாய்வு இல்லை. அதன் முன்தகடு 100 மில்லிமீட்டர், ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் ஓட்டுபவர் வண்டியை 30 பாகை திருப்பி நிறுத்தினால் அந்த 100 ஏறக்குறைய 115 ஆகிறது. அதே நேரத்தில் எதிரிக்குத் தெரியும் 80 மில்லிமீட்டர் பக்கத்தகடு 160க்கு ஈடாகிறது. அதற்கு மேலும் திருப்பினால் பக்கவாட்டு வலுவிழந்து எதிரிக்கு வாய்ப்பாகிவிடும். பள்ளிக்கூடத்துக் கோணக்கணிதம் உயிர்காக்கும் விளையாட்டு இதைத் தவிர வேறு உண்டா என்று தெரியவில்லை. இந்தக் கணக்கைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டவர் இரண்டு விளையாட்டிலும் தேறிவிடுவார்.

மின்ஸ்க் நகரில் தோன்றிய வார்கேமிங் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் 2010 ஆகஸ்டில் ரஷ்யாவிலும், 2011இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளியானது. அணிக்கு 15 பேர், ஆட்டத்துக்கு அதிகபட்சம் 15 நிமிடம். எதிரணி முழுவதையும் அழிக்க வேண்டும், அல்லது எதிரியின் தளத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் குறிப்பிட்ட அளவு உயிர்ப்புள்ளிகள் உண்டு. குண்டு கவசத்தைத் துளைத்தால் அவற்றில் கொஞ்சம் குறையும், பூஜ்யமானால் வண்டி அழியும். துளைப்பதற்கும் தெறிப்பதற்கும் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. கவசம் துளைக்கும் சாதாரணக் குண்டு 70 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் பட்டால், அதன் விட்டம் தகட்டின் கனத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தாலன்றி, தெறித்துவிடும். இத்தனை கறாரான விதிகளுக்கு நடுவே பகடையும் உருட்டப்படுகிறது. ஒரு பீரங்கியின் சராசரிச் சேதம் 240 என்றால், உண்மையில் அது 25 விழுக்காடு கூடியோ குறைந்தோ, 180க்கும் 300க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். குண்டின் துளைப்புத் திறனுக்கும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. எதிரியிடம் 200 புள்ளிகள் மிச்சமிருக்கும்போது உங்கள் குண்டு 190 மட்டும் எடுத்துவிட்டு நின்றால் பற்களைக் கடிக்கத்தான் முடியும்.

இந்த விளையாட்டின் உண்மையான நுட்பம் சுடுவதில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. உங்கள் அணியில் யாராவது ஒருவர் எதிரியைக் கண்டறியாதவரை அந்த வண்டி உங்கள் திரையிலேயே தோன்றாது. திறந்த வெளியில் நின்றாலும் தோன்றாது. 50 மீட்டருக்குள் வந்துவிட்டால் கட்டாயம் தெரியும். அதிகபட்சம் 445 மீட்டர் வரை கண்டறியலாம். இடைப்பட்ட தொலைவில் வண்டியின் மறைவுத்திறன், புதர்கள், குழுவினரின் பயிற்சி எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. புதரை ஒட்டி நின்று சுட்டால் அந்தப் புதரின் மறைவு பெரும்பாலும் போய்விடும். 15 மீட்டருக்கு மேல் பின்னால் நகர்ந்து சுட்டால் புதர் முழுமையாக மறைக்கும். நீங்கள் கண்டறியப்பட்டால் மூன்று நொடி கழித்துத் திரையில் ஒரு விளக்குச் சின்னம் எரியும். அந்த மூன்று நொடிகளில் எத்தனை பீரங்கிகள் உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். இலகுவகை டாங்கியை எடுத்துக்கொண்டு போவது கபடியில் பாடிச் செல்வதைப் போன்றது: எதிரியின் எல்லைக்குள் நுழைந்து, அவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு, பிடிபடாமல் திரும்பி வர வேண்டும். தன் குண்டால் ஒருவரையும் அடிக்காமலே ஆட்டத்தை வென்றுகொடுக்கும் வேலை அது.

பாராட்டிய கையோடு குறையையும் சொல்ல வேண்டும். வரைபடத்தின் கடைசியில் நின்றுகொண்டு வானிலிருந்து குண்டு பொழியும் நகர்பீரங்கி வண்டி வகை புதியவரை விரட்டியடிப்பதில் கெட்டிக்காரத்தனம் கொண்டது. யார் சுட்டார் என்பதும் தெரியாது, திருப்பிச் சுடவும் வழியில்லை. 2017இல் அணிக்கு மூன்றுக்கு மேல் இவை வரக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. மூன்றும் வந்துவிட்டால் அந்த வரம்பு ஆறுதல் தருவதில்லை. இன்னொன்று, வண்டிகள் வலுவுக்கேற்பப் படிநிலைகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன; ஆட்டத்தில் உங்கள் வண்டி இரண்டு படிநிலை மேலான வண்டிகளோடும் சேர்த்து விடப்படலாம். அப்படி விடப்பட்டால் முன்னால் நின்று மோதும் எண்ணத்தைக் கைவிட்டு, பின்னால் இருந்து பக்கத்தகடுகளுக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

கைஜின் நிறுவனத்தின் வார் தண்டர் 2012இல் வானூர்திப் போராகத் தொடங்கியது. தரைப்படை 2014இல்தான் சேர்ந்தது. இதில் உயிர்ப்புள்ளி என்ற பேச்சே இல்லை. குண்டு தகட்டைத் துளைத்து உள்ளே போனதும் சிதறல்கள் எந்தத் திசையில் பறக்கின்றன, அவை ஓட்டுநரைத் தாக்கினவா, குண்டு ஏற்றுபவரைத் தாக்கினவா, வெடிமருந்து அடுக்கில் பட்டனவா என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. சுடுபவர் இறந்தால் வேறொருவர் சில நொடிகளில் அந்த இருக்கைக்கு மாறுவார். அதுவரை பீரங்கி ஊமை. ஒரே ஒருவர்தான் மிஞ்சினார் என்றால் வண்டி முடிந்தது. பீரங்கியின் குழாயை உடைக்கலாம், சங்கிலிப்பட்டையை அறுத்து நகரவிடாமல் செய்யலாம், எரிபொருள் தொட்டியில் தீ வைக்கலாம். நீங்கள் அழிந்ததும் உங்கள் வண்டி கண்ணாடிபோலத் தெளிவாகி, குண்டு எந்த வழியாக நுழைந்து யார் யாரைக் கொன்றது என்பதை ஒரு சிறு காட்சி காட்டும். புதியவருக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. தோற்ற காரணத்தை மற்ற விளையாட்டுகளில் ஊகிக்க வேண்டும். இங்கே அது வரைந்து காட்டப்படுகிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. சரியான இடத்தில் பட்ட ஒரே குண்டில் கதை முடியும். ஐந்து நிமிடம் ஊர்ந்து, ஓர் இடிந்த சுவரின் மூலையில் எட்டிப்பார்த்த நொடியிலேயே அழிவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. ஆனால் உங்கள் அணிவகுப்பிலுள்ள அடுத்த வண்டியை எடுத்துக்கொண்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பலாம். மூன்று வகை ஆட்டங்கள் உண்டு. ஆர்கேட் வகையில் துளைக்குமா துளைக்காதா என்பதைக் குறிமுனையின் நிறமே சொல்லிவிடும். ரியலிஸ்டிக் வகையில் அந்த உதவியும் இல்லை, எதிரியின் தலைக்குமேல் பெயரும் இல்லை, தொலைவை நீங்களே மதிப்பிட்டுச் சுட வேண்டும். சிமுலேட்டர் வகையைப் புதியவர் இப்போதைக்கு மறந்துவிடலாம். ரியலிஸ்டிக் ஆட்டத்தில் போதிய புள்ளிகள் சேர்த்தவர் விமானத்தில் ஏறி உங்கள் தலைமேல் குண்டு போடவும் வரலாம். இதை அநியாயம் என்பவர்களும் உண்டு. ஆனால் விமான எதிர்ப்பு வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறதே என்பது என் பதில்.

வார் தண்டர் ஆடுகிறவர்கள் நுணுக்கத்தில் எவ்வளவு ஊறியவர்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று இருக்கிறது. 2021இல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி விளையாட்டில் சரியாக அமைக்கப்படவில்லை என்று வாதாடிய ஒருவர், தன் கட்சியை நிலைநாட்ட ராணுவக் கையேட்டின் பக்கங்களையே பொதுவில் போட்டுவிட்டார். அதன் பிறகும் வேறு நாடுகளின் வண்டிகள் பற்றி இதேபோன்ற கசிவுகள் நடந்தன. விளையாட்டில் ஒரு தகட்டின் கனம் தவறு என்பதற்காக அரசு ரகசியத்தை அவிழ்க்கிறவர்கள் இருக்கும் இடம் அது.

இனிப் பணம். இரண்டு விளையாட்டும் இலவசம் என்பது உண்மை; அந்த உண்மை கீழ்ப்படிநிலைகளில் மட்டும்தான் முழுமையாகச் செல்லும். ஆட்டத்தில் கிடைக்கும் வெள்ளிக்காசில் வண்டியைப் பழுதுபார்க்க வேண்டும், குண்டு வாங்க வேண்டும். மேலே போகப் போகச் செலவு ஏறி, தோற்ற ஆட்டங்களில் வரவைவிடச் செலவு கூடிவிடும். அப்போதுதான் பிரீமியம் கணக்கும், கூடுதல் வெள்ளி ஈட்டித்தரும் பிரீமியம் டாங்கிகளும் கண்ணுக்கு இனிமையாகத் தெரியத் தொடங்குகின்றன. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் பிரீமியம் கணக்கு அனுபவப் புள்ளிகளையும் வெள்ளியையும் 50 விழுக்காடு கூட்டித்தருகிறது. வார் தண்டரில் இந்தப் பொருளாதாரம் எவ்வளவு கசந்தது என்றால், 2023 மே மாதத்தில் ஆட்டக்காரர்கள் திரண்டு, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் எதிர்மறை மதிப்புரைகளைக் குவித்தார்கள். நிறுவனம் இறங்கிவந்து மாற்றங்களை அறிவிக்க வேண்டியதாயிற்று. உயர்நிலை வண்டியைக் காசு கொடுத்து நேரே வாங்கிவிட முடியும் என்பதால், கவசத்தின் அரிச்சுவடியே தெரியாதவர்கள் நவீன டாங்கிகளில் வந்து முதல் நிமிடத்திலேயே அழிகிறார்கள். அவர்களுக்கும் இன்பமில்லை, அவர்களோடு ஒரே அணியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இன்பமில்லை.

ஆகையால் என் பரிந்துரை வேகமாக மேலே ஏறாதிருப்பது. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் ஐந்து, ஆறாம் படிநிலைகளும், வார் தண்டரில் வண்டியின் வலுவைக் குறிக்கும் மதிப்பெண்களில் 3.7 முதல் 5.7 வரையும்தான் இந்த விளையாட்டுகளின் இதயம். டி-34, கேவி-1, ஷெர்மன், டைகர் போன்றவை பெரும்பாலும் இந்த எல்லைக்கு உள்ளேயோ அருகிலேயோ இருக்கின்றன. பழுதுச் செலவும் தாங்கும். நின்று சிந்திக்கச் சற்று நேரமும் கிடைக்கும். வார் தண்டரின் மேல்நிலையில் தொலைவிலிருந்தே வெப்பப் படக்கருவியால் கண்டு ஏவுகணை விடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அங்கே போக அவசரமில்லை.

கணினி இல்லாதவர்களுக்கு 2014இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் பிளிட்ஸ் இருக்கிறது. அணிக்கு ஏழு பேர், ஆட்டத்துக்கு ஏழு நிமிடம், வானிலிருந்து பொழியும் பீரங்கி வகை அறவே கிடையாது. கைபேசித் திரைக்காகச் சுருக்கப்பட்டாலும் கவசச் சாய்வின் கணக்கு அப்படியே இருக்கிறது. ஓய்வு நேரத்தில் ஆட இதுவே போதும் என்பவர்களை நான் மறுக்க மாட்டேன்.

உயிர்ப்புள்ளி குறைவதைப் பார்த்துக்கொண்டே திட்டமிட விரும்புகிறவர், பழைய கணினி வைத்திருப்பவர், பதினைந்து நிமிடத்தில் எழுந்துபோக வேண்டியவர் வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் தொடங்கட்டும். எந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆர்வம் உடையவர், ஒரே குண்டில் சாவதைப் பொறுத்துக்கொள்கிறவர் வார் தண்டரின் ஆர்கேட் வகையில் சில காலம் பழகிவிட்டு ரியலிஸ்டிக்குக்கு வரட்டும். எதில் தொடங்கினாலும் பொது அரட்டையை அமைப்புகளில் முதலிலேயே அணைத்துவிடுங்கள், அங்கே வரும் வசைகளில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டில் பிள்ளைகள் ஆடுவதாக இருந்தால், வாங்கும் பொத்தானுக்குக் கடவுச்சொல் போட்ட பிறகே கணக்கை அவர்களிடம் கொடுங்கள்.